பழைய கணினியில் இடம் பண்ணிய கதை

மேற்கே திரிகூட மலையின் முகடு தெரியாதபடி மேகம் கவிந்து, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவிலிருக்கும் எங்கள் மேலகரத்தில் விடிந்தது முதல் சாரல் விட்டுவிட்டுத் தூவிக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுவதால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்து, துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாகப் புறப்பட்டவன் திரும்பக் கூடத்துக்கே வந்து உட்கார நேர்ந்தபோது, நெடுநாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த ஒரு காரியத்தை அன்றைக்கு முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். வீட்டிலுள்ள பழைய கணினியில் இடம் பண்ணுவதுதான் அந்தக் காரியம்.

2009-ஆம் வருஷம் வாங்கிய கணினி அது. தாலுகா ஆபீசில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற என் தகப்பனார், டைப்ரைட்டரைத் தொடாமல் விரல்கள் மரத்துப் போகின்றன என்று அடிக்கடி சொன்னதனால், அவருடைய உபயோகத்துக்கென்றே, உதிரி பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுக்கும் ஒருவரிடம் சொல்லி வாங்கினோம். 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், முதலில் ஒரு ஜிபி, பிறகு இரண்டு ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா 2012-இல் காலமானார். எக்ஸ்பிக்கு அளித்துவந்த ஆதரவை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டதும், சி டிரைவை ஃபார்மட் அடித்து விண்டோஸ் 7 போட்டோம். அதற்கும் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டபடியால் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, பாட்டுக் கேட்பதற்கும் பழைய படங்களைப் பார்ப்பதற்கும் மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்கிறோம். சமீப காலமாக, திறந்தால் எழுந்து வருவதற்கே பத்து நிமிஷம் ஆகிறது. நாற்பது ஜிபி கொண்ட சி டிரைவில் மிச்சமிருந்தது ஒரு ஜிபிக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே காலியிடம் குறைந்துவிட்டால் விண்டோஸ், டிரைவின் பெயருக்குக் கீழே வரும் பட்டையைச் சிவப்பாகக் காட்டும். எங்கள் பட்டை சிவந்து எத்தனை மாதமாயிற்றோ, நான் கவனிக்கவில்லை.

உடனிருந்து உதவிசெய்ய என் தம்பி மகன் வந்திருந்தான். கல்லூரிப் பையன், இந்த விஷயங்களில் என்னைவிட நாலு மடங்கு வேகம்.

"பெரியப்பா, இதுக்குப் போய் ஏன் நேரத்தை வீணாக்குதீங்க? மொத்தமா ஃபார்மட் அடிச்சிருவோம். அரை மணி நேர வேலை."

"பொறுல. உள்ள என்ன கெடக்குன்னு மொதல்ல பாப்போம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எப்படித் தோன்றியதோ, அதை நினைத்தால் இப்போதும் மனசு நடுங்குகிறது. அந்த நடுக்கத்தின் காரணத்தைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். ஆனால் முதலில், இடம் பண்ணிய முறையைச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் பழைய கணினிகள் நம் ஊர்களில் ஏராளம்.

பலருக்கு வரும் சந்தேகம் ஒன்றை முன்னதாகவே தீர்த்துவிடலாம். 160 ஜிபி என்று சொல்லி வாங்கிய டிஸ்க், கணினிக்குள் 149 ஜிபி என்றே காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வருகிற நூற்று ஏழு கோடியே சொச்சத்தை ஒரு ஜிபி என்கிறது. பட்டணம் படியில் அளந்ததை வீட்டுப் படியில் அளந்தால் எண்ணிக்கை மாறுமல்லவா, அவ்வளவுதான்.

எந்தப் பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது. அதற்கென்று 'வின்டிர்ஸ்டாட்' என்ற இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. டிஸ்க் முழுவதையும் படித்துவிட்டு, ஒவ்வொரு ஃபைலையும் அதன் பருமனுக்குத் தக்க ஒரு வண்ணக் கட்டமாக வரைந்து காட்டும். பண்பொழித் திருமலைக் கோயிலில் படியேறி நின்று கீழே பார்த்தால், வயல்களும் குளங்களும் தோப்புகளும் பெரிதும் சிறிதுமான பாத்திகளாக ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. குளம் மாதிரி பரந்து கிடப்பவை வீடியோக்கள். வயல் மாதிரி இருப்பவை படங்களும் பாட்டுகளும். வரப்போரத்துப் புல் மாதிரி கண்ணுக்கே தெரியாமல் இருப்பவை, நாம் எழுதி வைத்த எழுத்துகள்.

சி டிரைவில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவற்றில் பெரும்பகுதி, கணினி தன்னுடைய சௌகரியத்துக்காகத் தானே உண்டாக்கிக்கொண்டவை. மென்பொருள்கள் அவ்வப்போது எழுதிவிட்டு அழிக்க மறந்த தற்காலிக ஃபைல்கள் இரண்டு ஜிபி; விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே 'டெம்ப்' என்று தட்டினால் அந்த ஃபோல்டர் திறக்கும். உள்ளிருப்பதைத் தாராளமாக நீக்கலாம். உபயோகத்திலிருப்பதை மட்டும் நீக்க முடியாது என்று அதுவே சொல்லிவிடும். பழைய அப்டேட்டுகளின் மிச்சம் நாலு ஜிபி. சி டிரைவின்மேல் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸில் டிஸ்க் கிளீனப்புக்குப் போய், அதற்குள் சிஸ்டம் ஃபைல்களையும் சுத்தம் செய்யச் சொல்லும் இரண்டாவது பொத்தானையும் அழுத்தினால்தான் இவை கண்ணில் படும். அதை அழுத்தாமலே "ஒன்றும் குறையவில்லையே" என்று எழுந்துவிடுகிறவர்கள் அதிகம். சிஸ்டம் ரெஸ்டோர் சேர்த்து வைத்த பழைய பிரதிகள் மூன்று ஜிபி. கடைசி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடலாம்.

பிறகு ஹைபர்நேட் ஃபைல். கணினியை உறங்க வைத்துவிட்டுப் போனால், ராமில் இருப்பதை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதற்காக, ராமில் முக்கால் பங்கு அளவுக்கு விண்டோஸ் 7 ஒரு மறைவான ஃபைலை எப்போதும் சி டிரைவில் ஒதுக்கி வைத்திருக்கிறது. எங்களுடையதில் ஒன்றரை ஜிபி. யூபிஎஸ்ஸோடு மேஜையில் இருக்கும் கணினிக்கு இதனால் பிரயோஜனம் மிகக் குறைவு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்று எழுத்துக்கூட்டித் தட்டி, ஓரிடம் விட்டுச் சிறுகோட்டோடு 'எச்', மறுபடி ஓரிடம் விட்டு 'ஆஃப்' என்று போட்டு என்டர் தட்டினால், அந்த க்ஷணமே ஒன்றரை ஜிபி விடுபடும்.

டெஸ்க்டாப்பில் வைத்திருப்பதும் மை டாக்குமென்ட்ஸில் வைத்திருப்பதும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. போனிலிருந்து வருகிற காலை வணக்கப் படங்களையும் உறவினர் வீட்டு விசேஷப் படங்களையும் டெஸ்க்டாப்பிலேயே கொட்டி வைத்திருந்ததில் ஆறு ஜிபி. அதை டி டிரைவுக்கு மாற்றினோம்.

தொடக்கூடாதது ஒன்று உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒரு ஃபோல்டர் பத்து ஜிபிக்கு மேல் காட்டி, நம்மை ஆசை காட்டி அழைக்கும். அந்தக் கணக்கு வாஸ்தவமானதல்ல. ஒரே ஆளின் பெயர் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் இருக்கிறதென்பதற்காக அவரை இரண்டு பேர் என்று எண்ணுவோமா? டிஸ்கில் ஒரே இடத்திலிருக்கும் ஃபைலுக்கு இரண்டு மூன்று இடங்களில் பெயர் பதிந்திருப்பதால், எண்ணும்போது திரும்பத் திரும்ப எண்ணப்படுகிறது. அதைக் கையால் நீக்கியவர்கள் கணினியை மறுபடி எழுப்ப முடியாமல் திண்டாடியிருக்கிறார்கள்.

இவ்வளவில் சி டிரைவில் பதினேழு ஜிபிக்கு மேல் காலியிடம் வந்துவிட்டது. கணினியும் மூச்சு விட்டது. அத்தோடு எழுந்திருக்கலாம், ஆனால் மழை விடவில்லை, டி டிரைவையும் பார்த்துவிடலாம் என்றான் பையன்.

டி டிரைவில் என் தங்கை கல்யாண வீடியோ மூன்று இடத்தில் இருந்தது. இரண்டு விசிடி, ஒவ்வொன்றும் எழுநூறு எம்பி, மூன்று பிரதி என்றால் நாலு ஜிபிக்கு மேல். இரண்டு பிரதிகளைப் போக்கினோம். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயிலின் படங்கள், 2010 செப்டம்பரில் அந்தப் பாதை மூடப்படுவதற்கு முந்தைய வாரம் நானே போய் எடுத்தவை, ஒரு ஃபோல்டர் நிறைய இருந்தன. 1904-இலிருந்து ஓடிய ரயில் அது. 2018-இல் அகலப்பாதையாகிவிட்டது, பதிமூன்று கண் பாலத்தின் மேலே இன்றைக்கும் ரயில் போகிறது, ஆனால் அந்த ரயில் இல்லை. ஒரே கோணத்தில் எடுத்த இருபது படங்களில் மங்கலானவற்றைக்கூட நீக்க எனக்கு மனம் வரவில்லை, நீக்கவும் இல்லை.

நான் அந்தப் படங்களில் லயித்திருந்த சமயத்தில் பையன் அடுத்த ஃபோல்டருக்குப் போய்விட்டான். என் தகப்பனாரின் பெயரிட்ட ஃபோல்டர். உள்ளே நாற்பத்தோரு வேர்டு ஃபைல்கள்.

"பெரியப்பா, இது பூரா வைரஸ் அடிச்ச ஃபைல். ஒண்ணுகூட ஒழுங்காத் தெறக்கல. எல்லாம் ரீசைக்கிள் பின்னுல போட்டுட்டேன், காலி பண்ணிரவா?"

"திற ஒண்ண, பாப்போம்."

அவன் ஒன்றைத் திரும்ப எடுத்துத் திறந்தான். பக்கம் முழுவதும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள். சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்து, நடுநடுவே அரைப்புள்ளியும் காற்புள்ளியும் சிதறி, எந்த மொழியிலும் சேராத ஒரு குவியல். அவன் சொன்னதில் தவறில்லை; பார்த்தவர் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் தலைப்பு மாதிரி நடுவில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு சொல், பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வந்தது. பெரிய எஃப், டபிள்யூ, அரைப்புள்ளி, டபிள்யூ, எச், ஒய், கே, அரைப்புள்ளி.

சிறுவயதில் என் தகப்பனாரின் வற்புறுத்தலால் தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர் பாஸ் செய்தவன் நான். 'யளனக' என்று நாள் முழுக்க அடித்துப் பழகிய விரல்கள் முப்பது வருஷம் கழித்தும் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த எழுத்துகளைக் கண் படித்தபோது புரியவில்லை. கீபோர்டில் விரலை வைத்து அந்தச் சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபோது விரலுக்குப் புரிந்தது. ஷிஃப்டைப் பிடித்து இடது ஆள்காட்டி விரல், கு. இடது மோதிர விரல் மேலே ஏறி, ற. வலது சுண்டு விரல், புள்ளி. மறுபடி ற, வலது ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் நகர்ந்து, கால். அதே விரல் மேலே ஏறி, ல. நடு விரல், ம. சுண்டு விரல், புள்ளி. மெஷினில் புள்ளியை முன்னால் அடிப்போம், இங்கே பின்னால் வருகிறது. அந்தப் பேதம் ஒன்றுதான்.

குற்றாலம்.

"காலி பண்ணிராத" என்று நான் சத்தமாகச் சொன்னதில் பையன் திடுக்கிட்டுவிட்டான்.

நடந்தது இதுதான். யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000-த்தில் லதா என்ற எழுத்துருவும் வந்துவிட்டது. என்றாலும் நம்மூர் அச்சகங்களிலும் ஆபீசுகளிலும் வீடுகளிலும் அதற்குப் பின்னும் பல வருஷம், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்தின் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைத்தான் பாவித்தார்கள். அவற்றில் பாமினி ஒன்று. அதில் டைப்ரைட்டரின் விசை அமைப்பு அப்படியே இருந்தபடியால் என் தகப்பனாருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. கணினியைப் பொறுத்தவரையில் அவர் அடித்தது ஆங்கில எழுத்து. பாமினி என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மட்டும் தமிழ். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கண்ணாடி செய்து விற்றது. 1999-இல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூடி டாம், டாப் என்ற குறியீடுகளை ஏற்றதும், 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றதும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான். 2014-இல் நாங்கள் சி டிரைவை ஃபார்மட் அடித்தபோது ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் அதோடு போயிற்று. டி டிரைவில் அப்பாவின் எழுத்து பத்திரமாக இருந்தது. அதைப் படிப்பதற்கான கண்ணாடியை நாங்களே தொலைத்துவிட்டோம். அத்தனை வருஷமும் ஒரு தரம்கூட யாரும் திறந்து பார்க்காததனால் தொலைத்ததே தெரியவில்லை.

ரீசைக்கிள் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் போடுவதால் ஒரு பைட்டும் மிச்சமாவதில்லை. அதே டிஸ்கில் வேறிடத்தில் உட்கார்ந்திருக்கும். அதைக் காலி செய்தாலும்கூட, ஹார்ட் டிஸ்கில் எழுதியிருப்பது உடனே அழிவதில்லை. "இந்த இடம் இனி யாருக்கும் சொந்தமில்லை" என்று பதிவேட்டில் மாற்றி எழுதப்படுகிறது, அவ்வளவே. புதிதாக ஏதாவது வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையதை மீட்டெடுக்க வழியுண்டு. ஆகையால் தவறுதலாக எதையாவது போக்கிவிட்டால், அக்கணமே கணினியை நிறுத்துங்கள். ஒரு பாட்டைக்கூடப் புதிதாக ஏற்றாதீர்கள். டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து 'ரெக்கூவா' போன்ற மென்பொருளால் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். எங்களுக்கு அந்தப் பிரயாசை வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் வேண்டியிருந்திருக்கும். அல்லது, வைரஸ் ஃபைல் என்று நானும் நம்பியிருந்தால், வேண்டியிருக்கிறது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

அன்று இரவு எனக்குக் கரிவலம்வந்தநல்லூர் நினைவாகவே இருந்தது. இன்றைய தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிற ஊர். தென்காசிப் பாண்டியர் வழியில் வந்து தமிழில் அந்தாதிகள் பாடிய வரதுங்கராம பாண்டியரோடு தொடர்புடைய ஸ்தலம். அங்கே கோயிலில் பழைய ஏட்டுச் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆவலோடு போன உ. வே. சாமிநாதையருக்குக் கிடைத்த பதிலை அவர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். கூளமாகக் கிடந்த சுவடிகளை என்ன செய்வதென்று யோசித்து, பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது என்ற ஆகம விதிப்படி, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்களாம். அதைச் செய்தவர்கள் துஷ்டர்கள் அல்லர், மரியாதையோடுதான் செய்திருக்கிறார்கள். அந்த ஏடுகளைப் படிக்கிறவர்கள் அங்கே இல்லாமல் போனார்கள், இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அகற்றினார்கள். என் தம்பி மகன் செய்யவிருந்ததும், அவனைவிட மூத்தவனாகிய நான் பல வருஷமாகத் திறந்து பார்க்காமல் விட்டதும் அதே காரியம்தான்.

விலக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்டு, பிற்காலத்தில் குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கம்பராமாயணத்தில் கம்பருடையவை அல்ல என்று தமக்குத் தோன்றிய பாடல்களை ஏராளமாக விலக்கிப் பதிப்பித்தார். அதை ஒப்புக்கொள்ளாத பண்டிதர்கள் பலர். நானும் பல இடங்களில் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அவர் ஒரு பாடலையும் வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல், திரும்பத் திரும்ப அநுபவித்துப் பார்க்காமல் விலக்கியவர் அல்லர். படித்தபின் வேண்டாமென்பது ஓர் அபிப்பிராயம். படிக்காமலே போக்குவதை நஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

மறுநாள் அந்த நாற்பத்தோரு ஃபைல்களையும் என் மடிக்கணினிக்கு மாற்றி, என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினியைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாக யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். இணையத்தில் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சுரதா என்பவரின் பொங்குதமிழ் என்ற எழுத்துரு மாற்றி இருக்கிறது. பழைய எழுத்துரு எதுவென்று தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். மாற்றியபின் ஒருமுறை படித்துத் திருத்துவது அவசியம். சில வரிகளின் தொடக்கத்தில் 'அருவி' என்பது 'ஆருவி' என்று வந்தது. முதலில் எனக்குக் காரணம் விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தபோது தெரிந்தது. தனக்கு முன்னாலிருப்பது ஆங்கிலம் என்று எண்ணிக்கொண்ட வேர்டு, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றியிருக்கிறது. பாமினியில் சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். அப்பா கவனித்த இடங்களில் திருத்தியிருக்கிறார், கவனியாத இடங்களில் ஆருவி.

என்னதான் எழுதியிருந்தார் என்று கேட்பீர்கள். குற்றாலத்துச் சீசனைப் பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் சிறு நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்தவற்றை, ஓய்வுபெற்ற பின் ஒன்றுவிடாமல் கணினியில் ஏற்றியிருக்கிறார். இன்ன வருஷம் ஆனி மாதம் இன்ன தேதியில் பேரருவியில் தண்ணீர் விழத் தொடங்கிற்று; ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுந்தது; சாரல் எத்தனை நாள் நின்று போயிற்று; சிற்றாற்றில் தண்ணீர் எந்தப் படித்துறைவரை வந்தது. "ஆனி 7. விடிகாலை தூத்தல். பேரருவியில் நூல் மாதிரி தண்ணீர். செண்பகா தேவிக்குப் போகவில்லை, முழங்கால் வலி" என்கிற மாதிரிச் சின்னச் சின்ன வாக்கியங்கள். அந்த நோட்டுப் புத்தகங்கள் எங்கள் வீட்டு மச்சில் ஈரம் பிடித்துப் பூஞ்சை பூத்து, நாங்கள் பழைய பேப்பரோடு போட்டு வெகு காலமாயிற்று. ஆகையால் இந்த ஃபைல்களைத் தவிர அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. கட்டிலில் உட்கார்த்தி வைத்துச் சில பக்கங்களைப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே நிறுத்தி, "முழங்கால் வலியா? அன்னைக்கு நாந்தான் போகவேண்டாம்னு சொன்னேன். ஒங்க அப்பா எழுதிருக்கறதப் பாரு" என்றாள். பிறகு மேலே படி என்றாள்.

அந்த நாற்பத்தோரு ஃபைல்களும் சேர்ந்து எவ்வளவு இடம் தெரியுமா? மூன்று எம்பிக்கும் குறைவு. தங்கை கல்யாண வீடியோவின் ஒரு பிரதியை நீக்கியதில் கிடைத்த இடத்தில் இதைப்போல நானூறு மடங்கு அடங்கும். யூனிகோடில் சேமிக்கும்போது தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் பொதுவாக மூன்று பைட் செலவாகிறது. கம்பராமாயணத்துப் பத்தாயிரத்துச் சொச்சம் பாடல்களையும் அப்படி எழுதி வைத்தால், என் கணக்குப்படி ஐந்தாறு எம்பிக்குள் அடங்கிவிடும். இன்றைய போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களின் பருமன் அது. கணினியில் இடம் வேண்டுமென்றால் எழுத்தின்மேல் கை வைப்பதில் யாதொரு லாபமும் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தாங்கள் ஏற்றிய பழைய இலக்கியங்களை டிஸ்கி குறியீட்டிலிருந்து காலத்தோடு யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வந்தபடியால்தான் நாம் இன்றைக்கு அவற்றைப் போனில் படிக்கிறோம். வீட்டு எழுத்துக்கு அந்தச் சிரத்தையை நாம்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இப்போது அப்பாவின் ஃபோல்டர் நான்கு இடத்தில் இருக்கிறது. பழைய கணினியில் மூல ஃபைல்கள், பாமினி எழுத்துருவோடு; என் மடிக்கணினியில் யூனிகோடு; சென்னையில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு பிரதி; இணையச் சேமிப்பில் ஒன்று. சிடி, டிவிடியை மட்டும் நம்பாதீர்கள். நம்மூர்ச் சாரல் ஈரத்தில் அவற்றில் பூஞ்சை பிடிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காகிதத்திலும் ஒரு பிரதி அச்சடித்து அம்மாவின் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதையொட்டிப் பழைய கணினிகள் பல வீடுகளிலிருந்து இரும்புக் கடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று மூலையில் கிடக்குமானால், அதைக் கொடுப்பதற்கு முன்னால், அல்லது ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால், தயவுசெய்து வேர்டு ஃபைல்களை ஒருதரம் தேடிப் பாருங்கள். சிபியு எழுந்திருக்காவிட்டாலும் பாதகமில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பியில் மாட்டும் கேபிள் ஒன்றால் வேறு கணினியில் இணைத்துவிடலாம். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுவதாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த ஃபைலில் அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியல் தெரிந்தால் அதை நீக்காதீர்கள். டைப்ரைட்டிங் படித்த ஒருவரைக் கூப்பிட்டு, அந்தச் சாவிகளில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.